பொலீனின் கால்

பிரெஞ்சுக்காரர்கள் மலைச் சைக்கிளை 'வே தே தே' என்பார்கள். 'வெலோ தூ தெரேன்' என்பதன் சுருக்கம் அது. எந்த நிலத்திலும் ஓடும் சைக்கிள் என்று பொருள். மலை என்ற சொல்லே அதில் கிடையாது. 'மவுண்டன் பைக்' என்பதை விட இந்தப் பெயர்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் வந்த பற்று என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அந்தப் பள்ளியில் எங்கள் ஆசிரியர் ஒருவருக்கு சைக்கிள் பந்தயப் பைத்தியம் உண்டு. கப்பலில் வரும் பழைய பத்திரிகைகளை வைத்துக்கொண்டு, 1964 தூர் த பிரான்ஸில் அங்கெத்தீல் 55 வினாடி வித்தியாசத்தில் பூலிதோரை ஜெயித்த கதையை, மாதங்கள் கழித்து, நேற்று நடந்தது போலச் சொல்வார். பிறகு நான் மேலூருக்கு வந்து, வருவாய்த்துறையில் எழுத்தனாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றேன். இங்கே என்னோடு பிரெஞ்சு பேச யாரும் இல்லை. ஆகவே தினமும் காலையில் கைப்பேசியில் ஏதாவது ஒரு பிரெஞ்சுச் செய்தித்தாளை வாசிப்பேன். அப்படிக் கண்ணில் பட்டவர்தான் பொலீன் ஃபெரான் ப்ரெவோ.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன், சைக்கிள் கடையில் உட்கார்ந்து பழகியவர்களுக்குப் பிடிக்கும். 1976-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊர் பக்கம் சில இளைஞர்கள், 1930-களின் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், இரண்டு மைல் மண்பாதையில் கீழே ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக் அந்த வண்டிகளில். அடிவாரம் வருவதற்குள் ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர், மறுபடி அடைப்பது என்று. அங்கிருந்து 1990-இல் உலகப் போட்டி, 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக். இருபதே வருடம்.

பொலீன் 1992-இல் ரேன்ஸ் நகரில் பிறந்தவர். 2014 செப்டம்பரில் ஸ்பெயினில் சாலைப் பந்தயத்தில் உலக வெற்றி. 2015 ஜனவரியில் செக் நாட்டில் சேற்றில் ஓட்டும் சைக்ளோ கிராஸில் உலக வெற்றி. அதே செப்டம்பரில் அந்தோராவில் மலைச் சைக்கிளிலும் உலக வெற்றி. உலக வீரருக்கு வெள்ளைச் சட்டையில் வானவில் பட்டை போட்டுத் தருவார்கள். மூன்று வகைக்கும் உரிய மூன்று வானவில் சட்டைகளை ஒரே நேரத்தில் வைத்திருந்தவர், ஆணிலும் பெண்ணிலும், அவருக்கு முன் ஒருவரும் இல்லை. வயது 23.

அடுத்த வருடமே சரிவு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயத்தை முடிக்காமல் பாதியில் இறங்கிவிட்டார். முழுமூச்சாக மிதிக்கும்போது ஒரு கால் செத்த கால் மாதிரி ஆகிவிடும். நிறுத்தினால் சரியாகிவிடும். இத்தனை சின்ன வயதில் இத்தனை ஜெயித்துவிட்ட பெண்ணுக்கு மனம் சோர்ந்துவிட்டது என்று பேசுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது இடுப்பில் இருந்து காலுக்குப் போகும் இலியாக் தமனியில் கோளாறு. பெரும்பாலும் சைக்கிள் வீரர்களுக்கு வருகிற நோய் இது. வருடக்கணக்கில் குனிந்து, தொடையை மார்பை நோக்கி லட்சக்கணக்கான முறை மடக்கி மடக்கி, அந்தக் குழாய் ஒரே இடத்தில் நெளிந்து, உள்சுவர் தடித்துப் பாதை குறுகிவிடுகிறது. நம் வீட்டுத் தோட்டத்து ஹோஸ் மடிந்த இடத்தில் தண்ணீர் குறைவது போல. சும்மா இருக்கும்போது காலுக்கு வேண்டிய ரத்தம் போய்விடும். முழு வேகத்தில் பல மடங்கு கேட்கும்போதுதான் தட்டுப்பாடு. ஆகவே படுக்க வைத்துப் பரிசோதித்தால் எல்லாம் சரி என்றே காட்டும். களைக்கக் களைக்க மிதிக்க வைத்து, இறங்கிய உடனே கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இந்தக் காரணத்தால்தான் பலருக்கு வருடக்கணக்கில் தெரியாமலே போகிறது.

இதை வாசித்தபோது செய்தித்தாளை மூடிவிட்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்கு இதே கதை. அவள் சைக்கிளில் ஏறியதே இல்லை, சர்க்கரை வியாதிக்காரி, அது வேறு காரணம். ஆனால் மேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து காய்கறி மார்க்கெட் போவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நிற்பாள். நின்றால் வலி போய்விடும். ஒரு மருத்துவரிடம் ஏறக்குறைய இரண்டு வருடம் காட்டினோம். "வயசாயிருச்சும்மா, மனசைத் திடமா வச்சுக்கங்க, சத்து மாத்திரை எழுதித் தர்றேன்" என்பார். உட்கார்ந்த நிலையில் காலைத் தொட்டுப் பார்த்தால் அங்கே வலி ஏது? மதுரையில் ஒரு ரத்தக்குழாய் நிபுணர்தான் கையிலும் கணுக்காலிலும் மாறி மாறி அழுத்தம் பார்த்து, வித்தியாசத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். அதற்கப்புறம் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று மாலை அவள் சொன்னது இதுதான்: "நான் பொய் சொல்லலைங்க." யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. ஆனால் அவள் இரண்டு வருடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அரசு அலுவலகத்தில் நாற்பது வருடம் கிடந்தவனுக்கு இது புரியும். தாளில் ஏறாத குறை குறையே அல்ல.

பொலீனுக்கு 2019 தொடக்கத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே வருடம் கனடாவில் மோன் சேந்த் ஆன் பந்தயத்தில் மறுபடி உலக வெற்றி. 2020-இலும் அதே. ஒன்றைச் சொல்ல வேண்டும்: குழாயைச் சரி செய்தால் கால்தான் திரும்பும், ஜெயிப்பு தானாகத் திரும்பாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று பதக்கத்தையும் ஸ்விட்சர்லாந்துப் பெண்களே அள்ளிக்கொண்டு போனார்கள், இவருக்கு ஒன்றும் இல்லை. 2022-இல் ஒரே வருடத்தில் நான்கு வகைப் பந்தயங்களில் உலக வெற்றி. இருந்தும் ஒலிம்பிக் பதக்கம் என்று ஒன்று இல்லை.

பிறகு 2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் பந்தயம் எலாங்கூர் குன்றில். இந்தக் குன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கு இது நெருக்கமான சங்கதி. பாரிஸ் வட்டாரத்திலேயே உயரமான இடம் அது, 231 மீட்டர். ஆனால் கடவுள் வைத்த குன்று அல்ல. பழைய கல் குவாரி. வெட்டி முடித்த பள்ளத்தில் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி மேடாக்கி, புல்லும் மரமும் வளர்த்திருக்கிறார்கள். கீழவளவுப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், கிரானைட் வெட்டி எறிந்த கழிவுக்கல் எப்படி மலை மலையாகக் கிடக்கிறது என்று. பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்த மேட்டில் எவரும் ஒலிம்பிக் நடத்தப் போவதில்லை. ஒரு வேலியாவது போட்டால் ஆடுமாடு விழாமல் இருக்கும்.

மலைச் சைக்கிளில் ஒரே சுற்றுப்பாதையைப் பல தடவை சுற்ற வேண்டும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கல், வேர், செங்குத்துச் சரிவு. பஞ்சர் ஆனால் குறிப்பிட்ட இடத்தில்தான் உதவி கிடைக்கும், அதுவரை நீயே தள்ளிக்கொண்டு வர வேண்டும். பொலீன் ஆரம்பத்திலேயே பிரிந்து தனியாகப் போய்விட்டார். கூட வந்திருக்கக்கூடிய இன்னொரு பிரெஞ்சுப் பெண் லொஆனா லெகோந்த் பயங்கரமாக விழுந்து வெளியேறினார். டச்சுக்காரி பீட்டர்சேயின் டயர் பஞ்சர். அமெரிக்காவின் ஹேலி பேட்டன் இரண்டாவதாக வந்தபோது, பொலீன் கோட்டைத் தாண்டி 2 நிமிடம் 57 வினாடி ஆகியிருந்தது. இந்த விளையாட்டில் அது பெரிய தூரம்.

அத்தோடு மலைச் சைக்கிளை வைத்துவிட்டு, 32 வயதில் சாலைப் பந்தயத்துக்குத் திரும்பினார். 2025 ஏப்ரலில் கருங்கல் பாவிய பாதையில் ஓடும் பாரிஸ் ரூபே பந்தயத்தில் வெற்றி. ஆகஸ்டில் பெண்களுக்கான தூர் த பிரான்ஸ். ஆண்களில் பெர்னார் இனோ 1985-இல் ஜெயித்ததற்குப் பிறகும், பெண்களில் ழானி லோங்கோ 1989-இல் ஜெயித்ததற்குப் பிறகும், பிரெஞ்சுக்காரர் யாரும் தூரில் ஜெயித்ததில்லை. மலையேற்றத்துக்காக உடல் எடையை வெகுவாகக் குறைத்ததைப் பற்றி அங்கே பெரிய விவாதம் நடந்தது, இளம்பெண்கள் இதைப் பார்த்துச் சாப்பிடாமல் கிடப்பார்களே என்று. அந்தக் கவலை நியாயமானதுதான் என்பது என் கருத்து. எப்போதும் இப்படி இருப்பது நல்லதல்ல என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம் பக்கம் இந்த விளையாட்டு அதிகம் பேசப்படுவதில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி திருவனந்தபுரம் பக்கம் பொன்முடியில் நடந்தது. இங்கிருந்து ஒரு நாள் பயணம்தான். நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் பஸ் ஏறியிருப்பேன், முழங்கால் இடம் கொடுத்திருந்தால்.

தூரின் எட்டாவது நாள், கோல் த லா மத்லேன் ஏற்றம். இங்கே இரவு. பேத்தி கைப்பேசியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பொலீன் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். மனைவி சீரியல் பார்க்கப் போகிறவள், என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்தப் புள்ளைக்கா கால்ல ரத்தக்குழாய் அடைச்சிருந்துச்சு?"

ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முடியும் வரை பார்த்தாள். அன்றைக்குச் சீரியல் போய்விட்டது.