பூமி மூட்டிய அடுப்பு... முறை வைத்துக் காக்கும் கிராமம்!

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், கெனாஷி மலைச்சரிவில் இருக்கிறது ‘நோசாவா ஓன்சென்’ கிராமம். ‘ஓன்சென்’ என்றால் ஜப்பானிய மொழியில் வெந்நீர் ஊற்று. ஊரின் பெயரிலேயே ஊற்று உண்டு. மக்கள்தொகை சுமார் 3,500. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் பனி குவியும் பூமி இது. அந்தக் குளிரிலும் தெருவோரச் சாக்கடை மூடிகளின் இடுக்கில் ஆவி பறக்கும். கந்தக வாடை மூக்கில் ஏறும்.

இந்தச் சின்ன ஊரில் 13 பொதுக் குளியல் கூடங்கள் இருக்கின்றன. எந்தக் கூடத்திலும் கட்டணம் கிடையாது. டிக்கெட் கிழிக்க ஆளும் கிடையாது. வாசலில் ஒரு காணிக்கைப் பெட்டி மட்டும் இருக்கும். விருப்பப்பட்டவர்கள் காசு போடலாம். விடியற்காலையில் திறந்து, இரவு 11 மணிவரை உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் குளித்துவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் இதைப் பெருக்கிக் கழுவுவது யார்? மின் கட்டணம் கட்டுவது யார்? மரக்கூரை ஒழுகினால் மாற்றுவது யார்? இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் இந்த ஊரின் பெருமையே இருக்கிறது.

மழையும் பனியும் போட்ட முதலீடு

மலைமேல் பெய்யும் மழையும், உருகும் பனியும் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகின்றன. எரிமலைப் பகுதி என்பதால் அடியில் பாறையே சூடாக இருக்கிறது. அங்கே காய்ந்த நீர், வழியிலுள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வேறொரு வெடிப்பு வழியே மேலேறி ஊற்றாக வருகிறது. ஜப்பானில் இப்படி 27,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. 1948-ல் வந்த வெந்நீர் ஊற்றுச் சட்டம், ஊற்றுவாயில் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடு இருக்க வேண்டும்; இல்லையென்றால் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது. புதிதாகத் துளை போட மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும். யார் வேண்டுமானாலும் போர் போட்டு உறிஞ்ச முடியாது.

நோசாவா மக்களுக்கு இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மலைமேல் காடு இருந்தால்தான் கீழே ஊற்று இருக்கும் என்று, ஊருக்கு மேலே உள்ள பீச் மரக்காட்டைப் பொதுச்சொத்தாகவே வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கே ஒரு சமையலறை

ஊரின் மேல்பகுதியில் ‘ஓகாமா’ என்ற ஊற்றுத் தொகுதி இருக்கிறது. கல் பதித்த ஐந்து தொட்டிகளில் நீர் கொதித்துப் பொங்குகிறது. சூடு 90 டிகிரியைத் தொடும். ‘நார்ச்செடிக் கொப்பரை’ என்பது இந்தப் பெயரின் பொருள். முன்பு ஹெம்ப் எனும் நார்ச்செடியை இதில் ஊறப்போட்டுத்தான் நார் உரித்தார்கள். இன்னொரு தொட்டிக்கு மூங்கிலை நிமிர்த்தும் கொப்பரை என்று பெயர். சூடேறிய மூங்கில் வளைந்து கொடுக்கும் என்பதால் அந்தப் பெயர். காட்டிலிருந்து கொண்டுவரும் அகெபிக் கொடியையும் இந்த நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, கூடை முடைகிறார்கள். சக்கரம் வைத்த புறா பொம்மை இந்த ஊரின் அடையாளம். அதுவும் இந்தக் கொடியில் செய்ததுதான்.

இன்றும் காலை நேரத்தில் ஊர்ப் பெண்கள் கீரை, காய்கறி, முட்டையைக் கூடையில் போட்டு இங்கே வேகவைக்கிறார்கள். விறகு வேண்டாம், கேஸ் வேண்டாம். ஆனால், சுற்றுலாப் பயணிகளுக்கு ஓகாமாவின் உள்ளே அனுமதி இல்லை. கால் தவறி விழுந்தால் உயிர் போகும் என்பது ஒரு காரணம். இது வேடிக்கை பார்க்கும் இடமல்ல, ஊராரின் சமையலறை என்பது இன்னொரு காரணம். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் முட்டை வேகவைத்துப் பார்க்க, சில குளியல் கூடங்களின் வெளியே சின்னத் தொட்டி உண்டு.

குளியல் தொட்டியில் கீரைக்கும் இடம்

நோசாவாவின் பெயர் ஜப்பான் முழுக்கப் பரவியதற்கு ஊற்று மட்டுமல்ல, ஒரு கீரையும் காரணம். அதன் பெயர் ‘நோசாவானா’. நோசாவாவின் கீரை என்று பொருள். டர்னிப் இனத்தைச் சேர்ந்த இது, மூன்றடி உயரம்வரை வளரும். 1750-களில் கென்மெய்ஜி என்ற உள்ளூர் புத்தர் கோயிலின் தலைமைத் துறவி, மேற்கே கியோட்டோவுக்குப் போனபோது டர்னிப் விதையைக் கொண்டுவந்து விதைத்தார். மலைக்குளிரில் கிழங்கு பெருக்காமல் இலை செழித்துவிட்டது என்று ஊர்க்கதை சொல்கிறது. தாவர ஆய்வாளர்கள் சிலர் இந்த வம்சாவளியை ஏற்பதில்லை. ஆனாலும் அந்தக் கோயில் இன்றுவரை இந்தக் கீரைக்கு விதை எடுத்து, ‘கோயில் விதை’ என்ற பெயரிலேயே கொடுத்துவருகிறது.

கோடை முடியும் தறுவாயில் விதைத்து, நவம்பரில் அறுவடை செய்கிறார்கள். ஓரிரு முறை உறைபனி பட்ட இலைதான் ருசி என்பது அவர்கள் அனுபவம். அறுத்த கீரையை என்ன செய்கிறார்கள் தெரியுமா? பொதுக் குளியல் கூடத்துக்கே தூக்கி வருகிறார்கள். தொட்டியில் ஊற்று நீரைத் தேக்கி, மண் போக அலசுகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்கில் கைவைக்க முடியாத பருவம் அது. வெதுவெதுப்பான நீரில் அலசும்போது இலையும் முறியாமல் இளகிக் கொடுக்கிறது. கீரை அலசும் நாள்களில் குளிக்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு உப்புப் போட்டுப் பெரிய மரத்தொட்டிகளில் அடுக்கி, மேலே பாரம் வைக்கிறார்கள். முதலில் பச்சை நிறத்தில் இருக்கும் இலை, புளிக்கப் புளிக்கத் தேன் நிறத்துக்கு மாறும். பனி மூடிய மாதங்களில் இதுதான் காய்கறி.

குளிக்கும் முறை

முதல்முறை போகிறவர்கள் தடுமாறும் இடம் இது. ஆண், பெண்ணுக்குத் தனித்தனிக் கூடம். துணி எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து, வாளியில் மொண்டு ஊற்றி, உடம்பைச் சுத்தமாகக் கழுவிய பிறகே தொட்டிக்குள் கால் வைக்க வேண்டும். தொட்டிக்குள் சோப்பு கூடாது. துண்டையும் நனைக்கக் கூடாது. அழுக்கைப் போக்குவது வெளியே, அலுப்பைப் போக்குவது உள்ளே என்று வைத்துக்கொள்ளலாம்.

நீரின் சூடு 42 டிகிரியைத் தாண்டும். சில கூடங்களில் 45-க்கு மேலும் போகும். ஊரின் நடுவில் உள்ள பழைமையான ‘ஓயூ’ கூடத்தில் அதிகச் சூட்டுக்கு ஒரு தொட்டி, சற்றுத் தணிந்த சூட்டுக்கு ஒரு தொட்டி என இரண்டு உண்டு. பச்சைத்தண்ணீர்க் குழாய் இருக்கிறதே என்று திறந்துவிடக் கூடாது. ஏற்கெனவே குளித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறப்பதுதான் மரியாதை. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. நலமாக இருப்பவர்களும் சில நிமிடங்களில் எழுந்துவிடுவது நல்லது.

ஜப்பானிய விவசாயிகளுக்கு இந்தக் குளியல் வெறும் சொகுசு அல்ல. நாற்று நட்டு முடிந்ததும், அறுவடை முடிந்ததும் அரிசி, மிசோ மூட்டையோடு ஊற்று ஊர்களுக்குப் போய், வாரக்கணக்கில் தங்கிக் குளித்து, முதுகுவலி, மூட்டுவலியைத் தணித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருந்தது. இதற்கு ‘தோஜி’ என்று பெயர். விடுதிக்காரர் அறையும் அடுப்பும் கொடுப்பார். சமையல் அவரவர் பாடு.

பாசனத்துக்கு ஆகுமா?

விவசாயிகளுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. எல்லா ஊற்று நீரும் ஒன்றல்ல. அகிதா மாகாணத்தின் தமாகாவா ஊற்று கடும் அமிலம். அதனால் கெட்டுப்போன ஆற்று நீரைப் பாசனத்துக்கு ஏற்றதாக்கவும், மின்சாரம் எடுக்கவும் 1940-ல் அதைத் தாசாவா ஏரியில் திருப்பிவிட்டார்கள். நல்ல நீரோடு கலந்தால் அமிலம் தணியும் என்பது கணக்கு. ஏரியே அமிலமாகிப் போனது. அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த ‘குனிமாசு’ மீன் அங்கே பூண்டோடு அழிந்தது. அதற்கு முன்பே முட்டைகளைக் கொண்டுபோய் விட்டிருந்த சாய் ஏரியில், அதன் வாரிசுகள் பிழைத்திருப்பது 2010-ல்தான் தெரியவந்தது. ஊற்று நீரைப் பரிசோதிக்காமல் வயலுக்கோ ஏரிக்கோ திருப்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை. நோசாவாவில் ஊற்றுக்குக் குளியலும் சமையலும்தான் வேலை. வயலுக்குப் பாய்வது மலையிலிருந்து இறங்கும் பனிநீர்.

முறைக்காரர்களின் சங்கம்

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். 13 கூடங்களையும் பராமரிப்பது அரசாங்கமல்ல, கம்பெனியுமல்ல. ஒவ்வொரு கூடத்தைச் சுற்றியுள்ள குடும்பங்களும் சேர்ந்து ‘யூ நகாமா’ என்ற அமைப்பாக இருக்கின்றன. ‘வெந்நீர்க் கூட்டாளிகள்’ என்று பொருள். எடோ காலத்திலிருந்து, அதாவது 1868-க்கு முன்பிருந்தே தொடரும் ஏற்பாடு இது. ஏரிப்பாசனத்தில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல, இங்கே துடைப்பத்துக்கு முறை வைக்கிறார்கள். முறை வந்த வீட்டார் தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நீர் நிரப்ப வேண்டும். மின்சாரத்துக்கும் பழுதுக்கும் பணம் போடுவதும் அந்தக் குடும்பங்களே.

ஊற்று, காடு, நீர் ஆகிய பொதுச்சொத்துகளைக் கவனிக்க ‘நோசாவா குமி’ என்ற பழைய ஊர் அமைப்பு தனியாக உண்டு. ஜனவரி 15-ல் நடக்கும் தீத்திருவிழாவும் அதன் பொறுப்புதான். காட்டிலிருந்து பீச் மரங்களை வெட்டி இழுத்துவந்து, ஊர் ஆண்கள் கைகோத்து உயரமான மரக்கோபுரம் கட்டுகிறார்கள். 42 வயதுக்காரர்கள் மேலே அமர, 25 வயதுக்காரர்கள் அடியில் நின்று காக்க, ஊரார் தீப்பந்தத்தோடு தாக்குவார்கள். கடைசியில் கோபுரம் எரிந்து அடங்கும். அந்தந்த வயது வரும்போது ஊர் வேலையில் இறங்கியே ஆக வேண்டும் என்ற பழக்கம் இப்படித்தான் பிள்ளைகளுக்குள் ஊறுகிறது.

யார் கையில் துடைப்பம்?

1923-லேயே இங்கே பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கிவிட்டது. குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு வீட்டின் அறைகளைக் கொடுத்து, விவசாயக் குடும்பங்கள் உபரி வருமானம் பார்த்தன. 1998 நாகானோ ஒலிம்பிக்கின்போது, பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி இங்கேதான் நடந்தது. 2015-ல் பக்கத்து ஊரான ஈயாமாவுக்கு அதிவேக ரயில் வந்தது. இப்போது டோக்கியோவிலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஈயாமா. அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிடம். வெளிநாட்டுப் பயணிகளும் பெருமளவில் வருகிறார்கள்.

வருமானம் வருகிறது. ஆனால் ஜப்பானின் மற்ற மலைக்கிராமங்களைப் போல இங்கும் முதியவர்கள் பெருகி, இளையவர்கள் குறைகிறார்கள். குளிக்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போக, கழுவ வேண்டிய வீடுகள் குறைந்துகொண்டே போனால், ஒவ்வொரு வீட்டுக்கும் முறை சீக்கிரம் சீக்கிரமாக வரும். வெளியிலிருந்து வந்து வீடு வாங்குகிறவர்கள் முறையில் சேருவார்களா, சாவியை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்களா? கட்டணம் வைத்து ஆள் போட்டால் தொட்டி சுத்தமாகிவிடும். ஆனால் அன்றைக்கு அது காசு கொடுத்தவரின் தொட்டி. நவம்பரில் கீரைக் கூடையோடு உள்ளே வர ஊர்ப் பெண்களுக்கு உரிமை இருக்குமா என்பது சந்தேகம்தான்.

கொதிக்கும் நீரைப் பூமி இலவசமாகக் கொடுத்தது. அதை இலவசமாகவே வைத்திருக்க, பல தலைமுறை வீடுகள் முறை தவறாமல் உழைத்திருக்கின்றன. நோசாவாவுக்குப் போகிறவர்கள் காணிக்கைப் பெட்டியில் நாணயம் போடுவதோடு, வாளியைக் கவிழ்த்து வைத்து, இருந்த இடத்தைக் கழுவிவிட்டு வெளியே வரட்டும். அன்றைய முறைக்காரருக்கு அந்த அளவுக்கு வேலை மிச்சம்.