நாலு மணி டீயும் ஒரு முழு மக்ரூனும்

சாயங்காலம் நாலு மணி என்பது நம் வீடுகளில் ஒரு வேடிக்கையான நேரம். வீட்டில் மற்றவர்களுக்கு அது டீ குடிக்கிற நேரம். நமக்கு டீ போடுகிற நேரம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியாக நாம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அப்பாடா என்று காலை நீட்டும்போது மணி நாலாகியிருக்கும். "டீ இருக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். எழுந்துவிடுவோம்.

இந்த நாலு மணிச் சோர்வு நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபுவின் மனைவி அன்னா என்ற சீமாட்டிக்கும் இதே தொல்லை இருந்ததாம். ராத்திரிச் சாப்பாடு நேரங்கழித்துத்தான் வரும். நடுவில் வயிறு சோர்ந்துபோகும். 1840 வாக்கில் அவர் டீயும் ரொட்டியும் கேக்கும் தன் அறைக்கே வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பிறகு சிநேகிதிகளையும் கூப்பிட்டுக்கொண்டார். அதுதான் இன்று பெரிய ஹோட்டல்களில் 'ஹை டீ' என்று மூன்றடுக்குத் தட்டில் வருகிறது. சென்னையில் என் சிநேகிதி ஒருத்தி போய்வந்து போட்டோ காட்டினாள். தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேலாம்! கிட்டத்தட்ட ஒரு காஸ் சிலிண்டர் காசு.

எனக்கும் ஆசை இருந்தது. அது நிறைவேறியது சென்னையில் அல்ல; போன மே மாத விடுமுறையில், என் மாமியார் ஊரான தூத்துக்குடியில். மூன்று பேர், 340 ரூபாய்.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

என் மாமியாரை நான் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவேன். மாமா புதுத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. அன்று முதல் அத்தை வீடே கதியென்று இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு, யார் வீட்டு விசேஷமாவது இருந்தால் அதற்கு, அவ்வளவுதான்.

இதில் எங்கள் பங்கும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சென்னையிலிருந்து போன் செய்வோம். "வெயில்ல போகாதீங்க, தனியாப் போகாதீங்க, சர்க்கரை இருக்கு, இனிப்பைத் தொடாதீங்க" என்று அடுக்குவோம். அக்கறை என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறோம்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு அத்தை அடுப்படிக்கு எழுந்து போனபோது, "இன்னைக்கு அடுப்பு வேண்டாம் அத்தை. பஜாருக்குப் போய் டீ குடிப்போம், வாங்க" என்றேன்.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீயும் பிள்ளையும் போயிட்டு வாங்க. மாமா போயி இன்னும் ரெண்டு வருசம் ஆகல. நான் கடையில உக்காந்து டீ குடிச்சா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்க? டீ குடிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது; ஆனால் அசையவில்லை. என் ஆறு வயது மகள்தான் காரியத்தை முடித்தாள். "ஆச்சி வந்தாத்தான் நான் வருவேன்" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பேத்தியின் பிடிவாதத்துக்கு முன்னால் ஊர் வாய் எம்மாத்திரம்! அத்தை சேலை மாற்றிக்கொண்டு, இடுப்பில் சுருக்குப் பையைச் செருகிக்கொண்டு கிளம்பினார்கள்.

டவுன் பஸ்ஸில் பஜாருக்கு

மில்லர்புரத்திலிருந்து பழைய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆயிற்றே, அதனால் செலவுக் கணக்கு பூஜ்யத்தில் ஆரம்பித்தது. அத்தைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "இந்தக் கட்டடம் எப்ப வந்துச்சு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். 2008-ல் மாநகராட்சியாகிப் பெரிதாகிவிட்ட ஊர். சொந்த ஊரையே வெளியூர்க்காரி மாதிரி பார்க்கிறார்களே என்று எனக்கு என்னவோ போல் இருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக்கு நடந்தோம். ஜி.சி. என்றால் 'கிரேட் காட்டன்'. அந்தக் காலத்துப் பருத்தி வியாபாரம் இன்னும் தெருப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோட்டில் கால் வைத்ததுமே பேக்கரி வாசனை. தூத்துக்குடிக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கையில் ஒரு டப்பா இருக்கும் பாருங்கள், அந்த மக்ரூனின் தலைநகரம் இந்த வட்டாரம்தான்.

உள்ளே பெஞ்சு போட்ட, டீயும் கிடைக்கிற சின்ன பேக்கரியாகப் பார்த்து நுழைந்தோம். கூட்டமில்லை. ஓரத்து மேஜையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அத்தையின் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் கவனித்தேன்.

முழுசாக ஒன்று

மக்ரூன் செய்கிற விதம் கேட்க எளிது, செய்யக் கடினம். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்கி நிற்கிறவரை அடித்து, பொடித்த சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, நுரை அடங்காமல் கலந்து, காகிதக் கூம்பிலிருந்து தட்டில் பிழிவார்கள். அடி அகன்று, நுனி சுருண்டு, பார்க்க ஒரு குட்டிச் சங்கு மாதிரி இருக்கும். பிறகு மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்து உலர விடுவார்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேலே சிவந்து, உள்ளே பிசுபிசுக்கும்.

ஐரோப்பாவில் இதைப் பாதாம் பருப்பில் செய்வார்கள். இங்கே பாதாமுக்குப் பதில் முந்திரி. அந்த முந்திரியும் நம் ஊர் மரமல்ல. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. முத்து வியாபாரத்துக்காக அவர்கள் இந்தக் கரையில் காலூன்றியிருந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கப்பல் எந்தப் பட்சணத்தைக் கொண்டுவந்ததோ, ருசி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இரண்டு டீ, பிள்ளைக்கு ஒரு பால், மூன்று வாழைக்காய் பஜ்ஜி, நூறு கிராம் மக்ரூன். அத்தைக்குச் சர்க்கரை இல்லாத டீ. கண்ணாடி டம்ளரில் ஆவி பறக்க ஒரு பையன் கொண்டுவந்து முன்னால் வைத்தான். அத்தை அதை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"என்ன அத்தை, ஆடை படிஞ்சிருக்கா?"

"இல்லம்மா. நான் எந்திரிக்காம ஒரு டீ வந்துருக்கே, அதைப் பாக்கேன்."

மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தேன். அத்தையின் கை பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து இரண்டாக உடைக்கப் போயிற்று. "அவளுக்குத் தனியா இருக்கு அத்தை, அது உங்களுக்கு" என்று தடுத்தேன்.

அப்போதுதான் சொன்னார்கள். மாமா சம்பளத்தன்று கால் கிலோ மக்ரூன் வாங்கி வருவாராம். பிள்ளைகள் நாலு பேருக்கும் எண்ணிக் கொடுத்து, வந்த விருந்தாளிக்கும் வைத்துவிட்டு, டப்பாவின் அடியில் கிடக்கிற நொறுங்கல் அத்தைக்கு. "பொடிதான் ருசின்னு சொல்லிக்கிடுவேன். அவரும் நம்பிட்டாரு, பிள்ளைகளும் நம்பிட்டு. பிறகு சுகர் வந்துட்டு, பொடியும் போச்சு."

நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்து, ஊருக்கெல்லாம் மக்ரூன் டப்பா கட்டிக் கொடுத்தவர்கள். முழுசாக ஒன்று தின்றதில்லை! அன்று ஒன்று தின்றார்கள். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒன்றுதான். இரண்டாவதை நான் நீட்டியபோது, "சுகர்காரிக்கு ஒண்ணு போதும். ஆசைக்குத்தான், வயித்துக்கு இல்ல" என்று கையை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர்கூட இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

பில் வந்தது. நான் பர்ஸைத் திறப்பதற்குள் சுருக்குப் பை திறந்துவிட்டது. "என் ஊருக்கு வந்திருக்கீங்க. நான்தான் குடுப்பேன்." நான் மறுக்கவில்லை. அந்த இடத்தில் மறுப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது.

கடலோரம்

பிறகு மெதுவாகப் பனிமய மாதா கோயில் வரை நடந்தோம். 1713-ல் கட்டி முடித்த ஆலயம். 1982-ல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி திருவிழாவுக்கு மதபேதமின்றி ஊரே கூடும். அத்தை வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்து ரோச் பூங்காப் பக்கம் போய்க் கடலோரம் உட்கார்ந்தோம். தூத்துக்குடிக்குக் கடல் கிழக்கே. நாலு மணிக்குமேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். முகத்தில் காற்று மட்டும். மே மாதத்திலும் உட்கார முடிகிறது.

தூரத்தில் பழைய துறைமுகத் தோணிகள் தெரிந்தன. இந்தக் கரையிலிருந்துதான் 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கடல் தாண்டியதும் இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான். நாம் சாவகாசமாகக் குடிக்கிற டீக்குப் பின்னால் இப்படியும் ஒரு பிரயாணம் இருக்கிறது.

"ஆச்சி, முத்து எங்க இருக்கும்?" என்று கேட்டாள் மகள்.

"கடலுக்கு அடியில, சிப்பிக்குள்ள. எங்க அப்பா காலத்துல முங்கி எடுப்பாங்க" என்று ஆரம்பித்தார்கள் அத்தை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்குவார்களாம். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் அசைத்ததும் இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் ஆள் இல்லை. "அதனால கயித்த மச்சான் கையிலதான் குடுப்பாங்கன்னு சொல்லுவாங்க. முங்கினவன் பொண்டாட்டி அவனுக்குக் கூடப் பிறந்தவல்லா? தங்கச்சி தாலிய நெனச்சா கை அசருமா?"

சொல்லிவிட்டு அத்தை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. மகள் மட்டும் மணலில் சிப்பி தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த முத்துக்குளிப்பு 1961-ல் நடந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு, 1973-ல், இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுத்துக் காட்டினார்கள்.

செலவுக் கணக்கு

டீ இரண்டு 30 ரூபாய், பால் 20, பஜ்ஜி 30, மக்ரூன் நூறு கிராம் 100, பூங்காவுக்கு ஆட்டோ 60, திரும்பிப் பஸ் நிலையத்துக்கு 80, சுண்டல் 20. ஆக 340 ரூபாய். இதில் 180 அத்தையுடையது. விருந்துக்குக் கூப்பிட்டது நான். அதிகம் செலவழித்தது அவர்கள்!

நீங்களும் போவதானால் சில விஷயங்கள்:

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்காதீர்கள். டீயில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சோகை உள்ள இளம் தாய்மார்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். நாலு மணி டீ இந்த விதத்திலும் சரியான டீதான்.

மக்ரூன் கையில் எடுத்தால் பஞ்சு. உள்ளே முழுக்கச் சர்க்கரையும் முந்திரியும். எண்ணித் தின்னுங்கள். முட்டை சேர்ந்தது என்பதைச் சைவக்காரர்கள் நினைவில் வைக்கவும். முட்டையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வாங்கினால் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். காற்றுப் பட்டால் நமத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டில் "பொடிதான் ருசி" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இருப்பார். மாமியாரோ, அம்மாவோ, அத்தையோ. அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய்தோம். நாலரை மணி. அத்தை எடுக்கவில்லை. எங்களுக்குப் பதற்றமாகிவிட்டது. ஆறு மணிக்கு அவர்களே கூப்பிட்டார்கள்.

"பக்கத்து வீட்டு அக்காவும் நானும் டீ குடிக்கப் போனோம்மா. பஜ்ஜியில உப்பு கூட. அடுத்த வாரம் வேற கடை பாக்கணும்."