கையேடு எழுதப் போன கதை

"கணினித் துறையைப் பற்றி எழுதுங்கள் அண்ணே, ஆனால் கணினி படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும்" என்பது இவ்வாண்டு மலர்க்குழுவினர் எனக்கு இட்ட நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுவே: தெரிந்தவர் எழுதுவது தெரியாதவருக்குப் புரிய வேண்டும்!

முதலில் என் வேலையைச் சற்று விளக்கிவிடுகிறேன். இணையத்தில் பெரிய சேவை எதையும் இன்று ஒற்றைக் கணினி தாங்குவதில்லை. பல கணினிகள் சேர்ந்து ஒரு திரளாக உழைக்கின்றன. அத்திரளை மேய்க்கும் மென்பொருள்களுள் பெயர்பெற்றது குபர்நெட்டிஸ். கூகுள் நிறுவனம் இதை 2014-இல் திறந்த மூல மென்பொருளாக அறிவித்தது. முதல் முழுப் பதிப்பு 2015 ஜூலையில் வெளிவந்தது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

நம்மூர் டி.பி.எஸ். பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் அனைவரும் ஒரே கூடத்திற்குள் வருகிறார்கள். ஈப்போ செல்பவருக்கு ஒரு கதவு, ஜொகூர் பாரு செல்பவருக்கு வேறொரு கதவு. பேருந்தின் இடம் மாறினால் பலகையும் உடனே மாற வேண்டும். கணினித் திரளில் இவ்வேலையைச் செய்வதுதான் 'இன்கிரஸ் கண்ட்ரோலர்'. தமிழில் 'வாயிற்காவலர்' என்போமே! எந்த முகவரிக்கு வரும் கோரிக்கை எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்ற விதிகளை அது ஓயாமல் கவனிக்கிறது. விதி மாறினால் வழியையும் மாற்றிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் அலுவலகத் தேவைக்காகத் திறந்த மூல வாயிற்காவலர் ஒன்றில் சிறு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. எந்தத் திட்டம் என்பது இங்கு முக்கியமன்று. அதன் நிரலாளர் கையேட்டைத் திறந்தேன். மூன்றே படிகள்: மூலநிரலை இறக்குக, கட்டுக, திரளில் நிறுவுக. சமையல் குறிப்பில் 'பிறகு வழக்கம்போல் குழம்பு வைக்கவும்' என்று எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே நான்கு பள்ளங்கள் இருந்தன. கட்டிமுடித்த மென்பொருள் 'இமேஜ்' எனும் பொட்டலமாக என் மடிக்கணினியில் இருக்கும்; பயிற்சித் திரளோ தனக்கென வேறு கிடங்கு வைத்திருக்கும். பொட்டலத்தை அங்கே ஏற்ற ஒரு கட்டளை வேண்டும். இது முதல் பள்ளம். பொட்டலத்திற்கு 'லேட்டஸ்ட்' என்று அடையாளமிட்டு, வேறு எதுவும் குறிப்பிடாமல் விட்டால், திரள் தன் கிடங்கை நம்பாது. ஒவ்வொரு முறையும் இணையக் கிடங்கிடம் போய்க் கேட்கும். அங்கே அதே பெயரில் பழைய பொட்டலம் இருந்தால் அதுவே ஓடும். நாம் செய்த மாற்றம் ஏன் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்! இது இரண்டாவது. ஆப்பிள் நிறுவனம் 2020-இல் அறிமுகப்படுத்திய எம்1 வகைக் கணினியில் கட்டியது, இன்டெல் வகைச் சேவையகத்தில் அப்படியே ஓடாது; எந்த வகைக்குக் கட்டுகிறோம் என்று முன்னரே சொல்ல வேண்டும். இது மூன்றாவது. வாயிற்காவலர் விதிகளைப் படிக்கத் திரளிடம் தனி அனுமதி பெற வேண்டும். இல்லையேல் மறுப்புச் செய்திதான் வரும். இது நான்காவது.

இவற்றுள் எதுவும் பெரிய வித்தையன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த நான்கு வரிகள் இல்லாததால் எனக்கு இரண்டு நாள்கள் போயின. மாற்றமோ பன்னிரண்டு வரிதான்!

அதோடு விட்டிருப்பேன். அடுத்த மாதமே எங்களிடம் தொழிற்பயிற்சிக்கு ஒரு தங்கை வந்து சேர்ந்தாள். கெடாவில் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை வந்தவள், நன்றாகப் படிக்கக்கூடியவள். அதே கையேடு அவள் கைக்குப் போனது. மூன்றாம் நாள் மாலை, மேசையருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இந்தத் துறை சரிப்படாது போலிருக்குண்ணே."

என்னை உலுக்கியது அந்தச் சொல். எனக்கு வேலை அனுபவம் இருந்ததால் 'கையேடு சரியில்லை' என்று எண்ணினேன். புதிதாக வந்தவளோ 'நான் சரியில்லை' என்று எண்ணினாள். குறைபட்ட கையேடு செய்யும் உண்மையான கேடு இதுதான். அது நேரத்தை மட்டும் தின்பதில்லை. ஆள்களையே திருப்பி அனுப்பிவிடுகிறது.

மறுநாள் இருவரும் உட்கார்ந்தோம். "நீ திருத்தாதே. எங்கே நின்றுபோகிறாயோ, அங்கே ஒரு கோடு போடு" என்றேன். எதுவும் இல்லாத வெற்றுக் கணினியில் அவள் முதற்படியிலிருந்து தொடங்கினாள். அருகில் இருந்தும் வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. மாலைக்குள் ஏழு கோடுகள் விழுந்தன. நான் கண்டவை நான்கு. மற்ற மூன்றும் எனக்குப் பழகிப்போனதால் என் கண்ணுக்கே தெரியாதவை.

அந்த ஏழு கோடுகளையும் வைத்துப் புதிய கையேடு எழுதினோம். என்னென்ன கருவிகள், எந்தப் பதிப்பில் வேண்டும் என்பது முதற்பகுதி. பிறகு ஒரு படிக்கு ஒரே கட்டளை. ஒவ்வொரு கட்டளைக்குக் கீழும் 'இப்போது திரையில் இது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இதைப் பாருங்கள்' என்று ஒரு வரி. கடைசியில், புதிய வாயிற்காவலர் வழியாக ஒரு கோரிக்கையை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை; அதன்பின் எல்லாவற்றையும் கலைத்துத் துப்புரவு செய்யும் முறை. நிரல் மாறும்போது கையேடு பின்தங்கிவிடக்கூடாது அல்லவா? அதற்காக அதே கட்டளைகளைத் தானியங்கிச் சோதனையிலும் சேர்த்தோம். திட்டத்தாருக்கு அனுப்பினோம். இரண்டு சுற்றுத் திருத்தங்களுக்குப் பின் ஏற்றுக்கொண்டார்கள். அதில் முதற்பெயர் அவளுடையது. அவள் இத்துறையை விட்டுப் போகவில்லை.

இது ஒரு சிறிய வேலை என்று நினைப்பவர்களுக்கு அண்மைச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகில் மிகப் பரவலாகப் பயன்பட்ட வாயிற்காவலர்களுள் ஒன்று இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ். 2025 மார்ச்சில் அதில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறை ஒன்றுக்குக் கடுமை அளவு 10-க்கு 9.8. அதே ஆண்டு நவம்பரில், 2026 மார்ச்சுக்குப் பின் அதைப் பராமரிக்கப்போவதில்லை என்று குபர்நெட்டிஸ் திட்டம் அறிவித்தது. பல ஆண்டுகளாக ஓரிருவரே, வேலை முடிந்த பின்னும் வார இறுதியிலும், அதைத் தாங்கி வந்தார்கள் என்பதையும் அவ்வறிவிப்பு வெளிப்படையாகச் சொன்னது. நல்ல கையேடு மட்டும் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால், பயன்படுத்துவோர் பல்லாயிரம் பேர், தோள் கொடுப்போர் இருவர் என்ற நிலை எங்கு இருந்தாலும், உள்ளே வரும் பாதையைப் பார்ப்பது நல்லது. இன்கிரஸுக்கு மாற்றாக 'கேட்வே ஏ.பி.ஐ.' எனும் புதிய முறை 2023 அக்டோபரில் முதல் முழுப் பதிப்பைக் கண்டது. அதற்கான வாயிற்காவலர்களையும் யாரேனும் கட்டித்தானே ஆக வேண்டும்? அவர்களுக்கும் கையேடு வேண்டும்.

கணினி படிக்காத நண்பர்களே, இது உங்களுக்கும் உரியதே. சங்கத்தில் ஆண்டுதோறும் செயலவை மாறுகிறது. மண்டபத்திற்கு யாரிடம் கடிதம் கொடுப்பது, எத்தனை வாரத்திற்கு முன் கொடுப்பது, ஒலிபெருக்கிக்கு முன்பணம் எவ்வளவு — எல்லாம் பழைய செயலாளரின் தலைக்குள் இருக்கும். அவர் பட்டம் பெற்றுப் போனால் அதுவும் கூடவே போய்விடும். புதியவர்கள் அதே பள்ளத்தில் மறுபடியும் விழுவார்கள்.

எந்த இடத்திலும் முதல் வாரத்தில்தான் நமக்குப் பள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு மாதம் போனால் கால் பழகிவிடும், கண் மறந்துவிடும். ஆகவே, இவ்வாண்டு தொழிற்பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கையரிடம் ஒரே வேண்டுகோள்: முதல் நாளே ஒரு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். நின்றுபோகும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். வெட்கப்படாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு அந்தக் கோடுதான் வழி.