மில்லை விட்டுத் தோப்புக்குப் போகும் முன்

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலையின் இருபுறமும் மாவும் தென்னையும்தான். மலையிலிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ஊருக்குக் குடிநீராகவும் போகிறது. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு இது பஞ்சாலை ஊராகவும் ஆனது. ஷிப்டு முடிந்ததும் சைக்கிளைத் தோப்புப் பக்கம் திருப்புகிறவர்கள் இங்கே உண்டு.

அப்படி ஒருவர். வயது 46. ரிங் பிரேமில் சைடர் வேலை. கோவில் சாலையில் அப்பா வைத்துவிட்டுப் போன ஒன்றரை ஏக்கர் தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கலந்த மரங்கள். தூசியும் இரவு ஷிப்டும் போதும், இனி தோப்பையே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கார்த்திகையில் முடிவு செய்தார். பி.எஃப். பணம் மொத்தத்தையும் எடுப்பது, கிணற்றை ஆழப்படுத்துவது, சொட்டுநீர் போடுவது, மீதியில் உரம் மருந்து வாங்குவது. இதுதான் திட்டம். மைத்துனரும் ஆமோதித்தார். "நம்ம பணத்தை அவன்கிட்ட எதுக்கு மாப்ளே விட்டு வைக்கணும்?"

மாற்றுக் கருத்து வந்தது, அடுத்த மெஷின் பார்க்கும் மூத்த தொழிலாளியிடமிருந்து. "தம்பி, உனக்கு மொத்தம் எத்தனை வருஷம் ஆச்சு?"

"இந்த மில்லுல ரெண்டு வருஷம் பதினொரு மாசம். அதுக்கு முந்தி இருந்த மில்லுல ஆறே கால் வருஷம் அண்ணாச்சி."

"அப்ப ஒன்பது வருஷம் ரெண்டு மாசம். இன்னும் நாலு மாசம் இரு. அதுக்கு அப்புறம் உன் இஷ்டம்."

அந்த நான்கு மாதத்தில் என்ன இருக்கிறது? மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவிகிதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. நிர்வாகம் போடும் 12 சதவிகிதம் இரண்டாகப் பிரிகிறது. அதில் 3.67 சதவிகிதம்தான் பி.எஃப்.; 8.33 சதவிகிதம், 1995 நவம்பரில் வந்த ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. தொழிலாளி 'என் பி.எஃப்.' என்று சொல்வது இந்த இரண்டு பைகளையும் சேர்த்து. ஆனால், இரண்டுக்கும் விதி வேறு.

ஓய்வூதியப் பைக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சம் ஓர் ஆண்டாகக் கணக்காகும் என்பதால், ஒன்பதரை ஆண்டு முடித்தவருக்கும் அது பத்துதான். அதற்குக் கீழே இருப்பவர் ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாம். அதைத் தாண்டியவருக்கு 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம்.

இவர் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய். அதைப் பத்து ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,000 ரூபாய். இப்போதே மொத்தமாக எடுத்தால் ஏறக்குறைய 1,30,000 ரூபாய். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கி ஐந்தரை ஆண்டில் அந்தத் தொகை திரும்பிவிடும்; அதற்குப் பிறகு வருவதெல்லாம் மிச்சம். பத்து ஆண்டு சேவையை முடித்தவர் 58-க்கு முன்பே இறந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு.

2,000 ரூபாய் பெரிய பணமில்லைதான். ஆனால், விவசாயிக்கென்று 2019-ல் வந்த மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேர வயது வரம்பு 40. இவர் அதைத் தாண்டிவிட்டார். தோப்பை நம்பலாம் என்றால், மலையடிவாரத் தோப்பின் கதை எல்லோருக்கும் தெரியும். 2021-ல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ராத்திரி யானை இறங்கினால் இருபது வருட மரம் காலையில் விறகு. பூக்கும் பருவத்தில் மழையோ தத்துப்பூச்சியோ வந்தால் அந்த வருடம் காய் இல்லை.

மனைவிதான் முடிவைச் சொன்னார். "என்னங்க, தோப்பு எங்கேயும் போகாது. நாலு மாசம் நான் பார்த்துக்கிறேன்."

அது சும்மா கிடைத்த நான்கு மாதமும் இல்லை. தை, மாசியில் மரம் பூத்தபோது தத்துப்பூச்சி விழுந்தது. பகல் ஷிப்டு நாட்களில் மருந்தடிக்கக் கூலி ஆள் பிடிக்க வேண்டியிருந்தது; இரண்டு முறை ஆள் கிடைக்காமல் தள்ளிப்போனது. விளைச்சல் குறைந்தது. அந்த நட்டத்தையும் எழுதி வைத்துக்கொண்டே அவர் மில்லில் இருந்தார்.

அந்த இடைவெளியில் இன்னொரு வேலையும் நடந்தது. பழைய மில்லின் கணக்கு தனியாகவே கிடந்தது. அங்கே வேலையை விட்ட தேதியும் பதிவாகவில்லை. மூன்று முறை போய்க் கேட்டபின் பதிவு செய்தார்கள். அதன்பின் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்தார். சேர்த்ததால் இரண்டு மில்லின் சேவையும் ஒன்றானது. சேர்க்காமல் எடுத்திருந்தால் இரண்டாவது மில்லின் சேவை ஐந்து ஆண்டுக்குக் கீழ் என்று ஆகி, பணத்துக்கு வருமான வரி விதி பாய்ந்திருக்கும்.

பங்குனியில் வேலையை விட்டார். ஓய்வூதியப் பைக்குப் படிவம் 10சி கொடுத்துத் திட்டச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். நாளை வேறு மில்லிலோ கம்பெனியிலோ சேர்ந்தால் இந்தச் சேவை அதோடு கூடும். பி.எஃப். கணக்கில் 2,40,000 இருந்தது. அதில் கிணற்றுக்கென்று ஒரு லட்சம் மட்டும் எடுத்தார்.

மற்றச் செலவுகளுக்கு அந்தப் பணம் தேவைப்படவே இல்லை. சொட்டுநீருக்கு, நிர்ணயித்த அளவுக்குள், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியம் இருக்கிறது. உரம், மருந்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினார். தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டி இல்லை. பி.எஃப். பணத்துக்கு 2024-25-ல் 8.25 சதவிகித வட்டி. வட்டியில்லாக் கடன் கிடைக்கும் இடத்தில், எட்டே கால் சதவிகிதம் ஈட்டும் பணத்தை உடைத்து உரம் வாங்குவது, காய்க்கிற மரத்தை வெட்டி வேலி போடுவது மாதிரி.

மில்லை விட்டுத் தோப்புக்கோ வேறு மில்லுக்கோ போகிறவர்கள் பார்க்க வேண்டியவை இவை:

* யூ.ஏ.என். எண் ஒன்றுதானா, ஆதாரிலும் கணக்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வேலையில் இருக்கும்போதே சரிபார்க்க வேண்டும்.
* வேறு மில்லில் சேர்ந்தால் பழைய கணக்கை மாற்றிக்கொள்வதே நல்லது.
* ஒன்பதரை ஆண்டுக்கு எத்தனை மாதம் பாக்கி என்று எண்ணிய பிறகே ராஜினாமா கடிதம்.
* வேலையை விட்டதும் வட்டி நின்றுவிடாது. 58 வயது வரை சேரும். ஆனால், விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு.
* 50 வயதிலேயே ஓய்வூதியம் கேட்கலாம். 58-க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவிகிதம் குறையும்.
* பணம் எடுக்கும் விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. வேலையை விட்டவுடன் முக்கால் பங்கு, மீதி ஓராண்டு கழித்து, ஓய்வூதியப் பைத் தொகை 36 மாதம் கழித்து என்பது அதன் சாரம். விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பி.எஃப். அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.