வெறும் வண்டியின் குலுக்கல்

ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்குக் காலையில் காய்கறி மூட்டைகளைச் சுமந்து செல்லும் சிறு சரக்கு வண்டியைப் பாருங்கள். மேடு பள்ளங்களிலும் அது மெல்ல அசைந்து செல்கின்றது. அதே வண்டி நண்பகலில் வெறுமையாய்த் திரும்பும்போது சிறு கல்லுக்கும் துள்ளுகின்றது. ஓட்டுநரின் முதுகு நோகின்றது. 'குறைகுடம் கூத்தாடும்' என்னும் பழமொழி வண்டிக்கும் பொருந்தும் போலும்!

இதற்குக் காரணம் யாது? பின் அச்சின்மேல் எஃகுப் பட்டைகள் வில்லாக அடுக்கப்பட்டுள்ளன. அவை முழுச் சுமையையும் தாங்குதற்கென்றே கடினமாகச் செய்யப்பட்டவை. விசை எவ்வளவோ அவ்வளவே வில் வளையும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் விளக்கினார். ஆதலின், சுமை நீங்கியதும் பட்டைகள் வளையாது விறைத்து நிற்கின்றன. மேலும், ஒரே வில்லின்மீது எடை நான்கு மடங்கானால் ஆட்டத்தின் விரைவு பாதியாகும். எடை குறைந்தால் ஆட்டம் விரையும். அவ்விரைவே குலுக்கல். அது மிகுந்தால் சக்கரம் தரையை விட்டெழும். அந்நேரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை. எனவே இஃது உடல் நோவு மட்டுமன்று, உயிருக்கும் ஊறு.

'பட்டை ஒன்றைக் கழற்றிவிடுவோம்' என்பர் சிலர். அது தீய வழி. மறுநாள் சுமை ஏறும்போது எஞ்சிய பட்டைகள் முறியக்கூடும்.

நல்வழிகள் உள. காற்றடைத்த டயரும் ஒரு வில்லே. பல வண்டிகளின் கையேட்டில், சுமையுள்ளபோது ஓரளவும் இல்லாதபோது அதனினும் குறைந்த ஓரளவும் காற்று குறிக்கப்பட்டிருக்கும். வெறும் வண்டிக்குக் குறைந்த அளவே போதும். ஆனால் சுமை ஏற்றுமுன் மறவாது காற்றை நிரப்புதல் வேண்டும். இன்றேல் டயர் சூடேறி வெடிக்கலாம். அடுத்து, பட்டைகளுக்கிடையே படிந்த துருவையும் மண்ணையும் நீக்கினால் அவை ஒன்றன்மேலொன்று எளிதில் வழுக்கி வளையும். தேய்ந்துபோன அதிர்வுதாங்கிகளை மாற்றினால் துள்ளல் விரைவில் அடங்கும். புதுப்பட்டை வாங்குவோர், மெல்லிய பட்டைகளின்கீழ்த் தடித்த துணைப்பட்டை அமைந்ததைத் தேர்தல் நன்று. துணைப்பட்டை சுமை மிகுந்தபோது மட்டுமே தோள் கொடுக்கும். மற்றப்போது ஒதுங்கி நிற்கும்.

குலுக்கல் வண்டியின் குற்றமன்று. அது சுமப்பதற்கென்றே செய்யப்பட்டது. நாளைய சுமைக்கு வேண்டிய வலிமையைக் குறைக்காமல் இன்றைய குலுக்கலைத் தணிப்பதே அறிவுடைமை.