நெய்வேலியில் ஒரு எக்கோ டூர்!

நெய்வேலின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கரன்ட், பழுப்பு நிலக்கரி, பக்கத்துல பண்ருட்டி பலாப்பழம். நம்ம லிஸ்ட்ல இப்போ இன்னொண்ணும் சேர்ந்திருக்கு ஃப்ரெண்ட்ஸ்... எக்கோ!

ஆர்ச் கேட்ல பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனா, சட்டுனு வேற ஊருக்கு வந்துட்ட ஃபீலிங். இங்கே யாரும் தெருப் பேர் சொல்றதில்லை, 'எந்த பிளாக்?'னுதான் கேக்கறாங்க. நேர்கோடு போட்ட ரோடு, ரெண்டு பக்கமும் மரம், ஒரே அச்சுல வார்த்த குவார்ட்டர்ஸ். 1956-ல ஆரம்பிச்ச நிலக்கரி நிறுவனத்துக்காகவே உருவான நகரியம் இது.

முதல் விசிட், சுரங்கம். ராட்டினத்துல வாளி கட்டின மாதிரி ஒரு ராட்சச மெஷின் மண்ணைச் சுரண்டித் தள்ளுது. மேல்மண் ஒரு கன்வேயர் பெல்ட்ல ஏறி ஸ்ப்ரெடருக்குப் போகுது. கீழே இருக்கற கரி வேற பெல்ட்ல பங்கருக்குப் போகுது. "வெட்டறது பெரிய விஷயமில்ல தம்பி. எதை எந்த பெல்ட்ல விடறோம்கறதுதான் விஷயம்" என்றார் கூட வந்த அங்கிள். என் ஃப்ரெண்டோட அப்பா. பகல்ல கன்வேயர் டியூட்டி, ராத்திரியானா மெல்லிசைக் குழுவுக்கு சவுண்ட் இன்ஜினீயர்!

அவர் வீட்டு ஹால்ல, டி.வி.க்குப் பக்கத்துல ஒரு இரும்பு ரேக். அதுல ரெண்டு கறுப்புப் பெட்டி. ஒண்ணு, யமஹா எஸ்.பி.எக்ஸ் 90. 1980-களின் நடுவில் வந்தது. கம்பெனியே போட்டுத் தந்த 30 ப்ரோகிராம், நாமளே சேமிக்க 60 இடம், ஆக மொத்தம் 90. ஆனா ஒரு நேரத்துல ஒரு ப்ரோகிராம்தான் ஓடும். இன்னொண்ணு, 1992-ல அமெரிக்காவுல வந்த என்சோனிக் டி.பி/4. கோடம்பாக்கத்துல மூடின ஒரு ஸ்டுடியோவிலிருந்து செகண்ட் ஹேண்டுல வாங்கினாராம். ஹீரோ இவர்தான்!

உள்ளே ஏ, பி, சி, டி-ன்னு நாலு எஃபெக்ட் யூனிட். நாலு இன்புட், நாலு அவுட்புட். நாலு பேருக்குத் தனித்தனியா நாலு எஃபெக்ட் கொடுக்கலாம். இல்லேன்னா நாலையும் ஒரே பாடகர் தலையில கட்டலாம். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சீரியல்ல விடலாம், பேரலலா பிரிக்கலாம், அவுட்புட்டைத் திருப்பி இன்புட்டுக்கே அனுப்பலாம். சுரங்கத்துல பார்த்த அதே பெல்ட் வேலை!

நமக்குத்தான் இன்ஜினீயரிங் மூளையாச்சே... "அங்கிள், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல எல்.டி.ஐ. சிஸ்டத்தை எந்த வரிசையில வெச்சாலும் அவுட்புட் ஒண்ணுதான்னு படிச்சிருக்கோம். அப்புறம் எதுக்கு இத்தனை ரூட்?" என்றேன். சிரிச்சுட்டு மைக்கைக் கையில கொடுத்தார். டிலே முதல்ல, ரிவெர்ப் அடுத்தது. பிறகு மாத்திப் போட்டார். பெரிசா வித்தியாசமே தெரியலை. ஆஹா, புக் ஜெயிச்சிடுச்சு!

அடுத்து டிலேயை எடுத்துட்டு அந்த இடத்துல டிஸ்டார்ஷன். டிஸ்டார்ஷன் முதல்ல, ரிவெர்ப் அப்புறம்னா, ஹால்ல யாரோ கிடார் வாசிக்கற மாதிரி இருக்கு. திருப்பிப் போட்டா, ஹாலையே மிக்ஸியில போட்டு அரைச்ச மாதிரி இருக்கு! ஏன்னா டிஸ்டார்ஷன் லீனியர் கிடையாது. அங்கே வரிசைதான் எல்லாம். எல்.டி.ஐ.-ல 'எல்' எதுக்குன்னு ரெண்டு செமஸ்டர்ல புரியாதது ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுது.

கடைசியா ஃபீட்பேக். ஏ-யில பிட்ச் ஷிஃப்டர், பி-யில டிலே. பி-யோட அவுட்புட் கொஞ்சம் திரும்பவும் ஏ-க்கே போகுது. 'ஆ'ன்னு ஒரு தடவை கத்தினேன். எக்கோ ஒவ்வொண்ணும் ஒரு படி மேலே ஏறி ஏறி, கூரையைத் தாண்டிப் போயிடுச்சு. சமையல் ரூம்ல இருந்த ஆன்ட்டியே எட்டிப் பார்த்தாங்க!

திறந்தவெளி மேடைன்னா அங்கிள் பேரலல் ரூட்தான் போடுவாராம். பாட்டு எஃபெக்ட்டைத் தொடாம ஒரு வழியில வரும், எக்கோ தனி வழியில வந்து ஓரமா கலக்கும். அப்போதான் கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கறவருக்கும் வார்த்தை புரியும். இருபது வருஷ மேடை அனுபவத்துல சேர்த்து வெச்ச ரூட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

இங்கேதான் சிக்கல். அந்த மெமரியைக் காப்பாத்தறது உள்ளே இருக்கற ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அது செத்தா, அவர் சேமிச்ச செட்டிங்ஸ் எல்லாம் அவுட். என்சோனிக் 1998-ல கிரியேட்டிவ் கம்பெனி கைக்குப் போச்சு, இப்போ அந்த பிராண்டே இல்லை. யார்கிட்ட போய்க் கேக்கறது? அங்கிளுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். "காயலான் கடைக்குப் போட்டுடலாம்னு வீட்ல சொல்றாங்க" என்றார். குரல்ல எந்த எஃபெக்ட்டும் இல்லை.

இந்த ஊருக்கு அது புதுசில்லை. 1962-ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல் மின் நிலையமே 2020-ல ஓய்வு வாங்கிடுச்சே. ஆனா மெஷின் போனாலும் அதை ஓட்டின அறிவு போகக் கூடாது இல்லையா? அன்னிக்கு ராத்திரியே மிடி கேபிளை மாட்டி, பெட்டியில இருந்த செட்டிங்ஸ் மொத்தத்தையும் லேப்டாப்புக்கு இறக்கினோம். எந்த ரூட் எந்த மேடைக்குன்னு அவர் சொல்லச் சொல்ல, ஃப்ரெண்ட் நோட்டுல படம் போட்டான். மணி ரெண்டு!

உங்க ஊர்லயும் ஒரு மெல்லிசைக் குழு இருக்கும். 'மைக் டெஸ்டிங்' சொல்ற அண்ணன்கிட்ட ஒரு சாயங்காலம் போய் உட்காருங்க. பழைய பெட்டி ஏதாவது இருந்தா, முதல் வேலையா பேட்டரியைப் பாருங்க பாஸ்!