வீட்டையே ஓட்டிக்கொண்டு போய் மாளிகை பார்த்தோம்

ஹோட்டல் அறை எடுக்காமல் அமெரிக்காவில் ஒரு வாரம் ஊர் சுற்ற முடியுமா? வீட்டையே கூட்டிக்கொண்டு போனால் முடியும் சகோதரிகளே! 2023 கோடையில் வர்ஜீனியாவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, 'ஆர்.வி.' என்று அங்கே சொல்கிறார்களே, அந்த வண்டியை வாடகைக்கு எடுத்தோம். அண்ணன், அண்ணி, அவர்கள் பையன், என் கணவர், நான், என் மகள் என்று ஆறு பேர்.

வண்டிக்குள் கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி, ஆள் நுழையும் அளவுக்குக் குளியலறை எல்லாம் உண்டு. டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. சாப்பாட்டு மேஜையை இறக்கி மெத்தையைப் பரப்பினால் அதுவும் கட்டில்தான். புறப்படும் முன் கேஸை மூடி, அலமாரிக் கதவுகளைக் கொக்கி போட்டுவிட வேண்டும். ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்குத் தனியாக ஒன்று. கழிவை அதற்கென்று உள்ள இடத்தில்தான் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். "அந்த வேலை ஆம்பிளைங்க பொறுப்பு" என்று அண்ணி முதல் நாளே சொல்லிவிட்டார்!

வீட்டிலிருந்தே புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், சின்னக் குக்கர் எடுத்துப் போனோம். காலையில் ஒரே தடவை சாதம் வைத்துப் புளியோதரையும் தயிர்சாதமுமாகக் கலந்துவிட்டால் மத்தியானக் கவலை இல்லை.

முதலில் போனது போடோமாக் ஆற்றங்கரையில் உள்ள மவுண்ட் வெர்னன். முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு. 1853-ல் இது பாழடைந்து கிடந்ததாம். படகில் போன ஓர் அம்மாள் அதைப் பார்த்து மனம் நொந்து மகளுக்குக் கடிதம் எழுதினார். அந்த மகள் ஆன் பமேலா கன்னிங்ஹாம் உடல்நலம் குன்றியவர். ஆனாலும் நாடு முழுவதும் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, 2 லட்சம் டாலர் விலை பேசி, 1858-ல் ஒப்பந்தம் போட்டுவிட்டார். இன்றைக்கும் அந்தப் பெண்கள் சங்கம்தான் வீட்டை நிர்வகிக்கிறது. கேட்கும்போதே பெருமையாக இருந்தது.

வீடெல்லாம் சுற்றிவிட்டு, "சமையல்கட்டு எங்கேம்மா?" என்றாள் என் மகள். தீப்பிடிக்கும் பயத்தாலும் சூட்டாலும் அதைத் தனிக் கட்டடமாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே சமைத்த ஹெர்குலிஸ் என்பவர் பேர்பெற்ற சமையல்காரர். ஆனால் அடிமை. 1799-ல் வாஷிங்டன் இறந்தபோது அந்தப் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். ஹெர்குலிஸ் 1797-லேயே தப்பி ஓடிவிட்டார். அப்பாவை இனிமேல் பார்க்க முடியாதே என்று ஒருவர் கேட்டதற்கு, அவருடைய சின்ன மகள், அப்பாவுக்கு விடுதலை கிடைத்ததில் தனக்குச் சந்தோஷம்தான் என்றாளாம். வாஷிங்டன் தமக்குச் சொந்தமான அடிமைகளை விடுவிக்கும்படி உயில் எழுதினார். இந்தக் குழந்தைகளுக்கு அது பலிக்கவில்லை. இவர்களுடைய தாய், வாஷிங்டன் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்தவள். அதனால் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தார்கள். என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது மாண்டிசெல்லோ, தாமஸ் ஜெபர்சனின் குன்றுமேல் வீடு. அமெரிக்க 5 சென்ட் நாணயத்தின் பின்புறம் இருப்பது இதுதான். சாப்பாட்டு அறையில், தட்டுகளை அடுக்கித் திருப்பினால் அறைக்குள் வந்து நிற்கும் தட்டுள்ள கதவு. கணப்புக்குப் பக்கத்தில் நிலவறையிலிருந்து மதுப்புட்டி ஏற்றும் சின்ன லிப்ட். எல்லாம் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஜெபர்சன் பாரிசுக்கு அழைத்துப்போய்ச் சமையல் படிக்கவைத்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ், தம் தம்பிக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பிறகே 1796-ல் விடுதலை பெற்றார். ஜெபர்சன் 1826-ல் கடனோடு இறக்க, அடுத்த ஜனவரியில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். அதில் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு.

அங்கிருந்து ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்னும் மலைச்சாலை. மொத்தம் 469 மைல், 26 சுரங்கப்பாதைகள். மணிக்கு 45 மைலுக்கு மேல் போகக்கூடாது. வண்டியின் உயரத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புவது அவசியம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்தச் சாலையைப் பல இடங்களில் சேதப்படுத்தியது. போகிறவர்கள் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக வட கரோலினா ஆஷ்வில்லில் பில்ட்மோர். ஜார்ஜ் வாண்டர்பில்ட் கட்டி 1895 கிறிஸ்துமஸுக்குக் குடிபோன மாளிகை. 250 அறைகள், 43 குளியலறைகள்! எங்கள் வண்டியில் ஒரே ஒரு குளியலறைக்குக் காலையில் வரிசை நின்றது நினைவு வந்து எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பிடித்தது கீழ்த்தளம். பெரிய சமையலறை, பலகாரத்துக்குத் தனி, வறுப்பதற்குத் தனி, அப்புறம் துணி வெளுக்கும் அறைகள். இங்கே வேலை செய்தவர்கள் சம்பளக்காரர்கள். ஆனாலும் மேலே ஒரு விருந்து நடக்க, கீழே எத்தனை கைகள் வேண்டியிருந்தன! கணவர் மறைந்த பிறகு எடித் அம்மாள் 87,000 ஏக்கர் காட்டை அரசுக்கு விற்றார். அது இன்று பிஸ்கா தேசியக் காட்டின் ஒரு பகுதி.

அன்று ராத்திரி முகாமில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது, எப்போதும் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகும் அண்ணன் பையன், "அத்தை, நான் கழுவறேன்" என்று எழுந்து வந்தான். யாரும் சொல்லவில்லை.

சகோதரிகளே, நீங்கள் எந்த அரண்மனைக்குப் போனாலும் சிம்மாசனத்தோடு திரும்பிவிடாதீர்கள். குழந்தைகளை அடுக்களைக்கும் அழைத்துப் போங்கள். சமைத்தது யார், அவர்களுக்குக் கூலி கிடைத்ததா, அவர்கள் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.